எந்த ஆண்டின் நிலையம்?

வன்னியைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் குளங்களைப் பற்றி எழுதுவர். அல்லது பண்டாரவன்னியனைப் பற்றி எழுதுவர். வன்னியின் புகையிரத நிலையங்களைப் பற்றி எழுதியோர் மிக அரியர். இதற்குக் காரணம் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்து நிலையத்தைப் போல அகன்ற முகப்போ, கொழும்புக் கோட்டை நிலையத்தைப் போல ஆரவாரமோ அவற்றுக்கு வாய்த்ததில்லை. ஓட்டுக்கூரை வேய்ந்த ஒரு சிறு கட்டடம், டிக்கற் கொடுக்கும் ஒரு துவாரம், நீண்டதொரு மரவாங்கு, ஒரு கிணறு, நிழலுக்கு ஒரு மரம், அதற்கப்பால் காடு. ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி என்று பெயர்ப்பலகைகள் மாத்திரம் மாறிக்கொண்டு போகும். இரவுத் தபால் வண்டியிலே பயணம் செய்த யாழ்ப்பாணத்தவருக்கு வன்னி என்பது இருளும், அந்த இருளினிடையே தோன்றி மறையும் ஓர் அரிக்கன் விளக்குமே.

அந்த விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தாலோ காட்சி வேறு. நான் பிறந்து வளர்ந்தது அத்தகைய நிலையமொன்றிலிருந்து ஒரு கட்டைத் தூரத்திலே. மணிக்கூடு உள்ள வீடுகள் எங்கள் ஊரிற் குறைவு. யாழ்தேவி போனால் உலை வைக்கும் நேரம். இரவுத் தபால் போனால் விளக்கைத் தணிக்கும் நேரம். வண்டி பிந்தினால் சோறும் பிந்தும். பேராதனைக்கு நான் படிக்கப் போனதும் அந்த மேடையிலிருந்துதான். ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், ஆச்சி கட்டித்தந்த பொரிவிளாங்காய். பொல்காவலையில் இறங்கிக் கண்டி வண்டிக்கு மாறவேண்டும் என்று நிலைய அதிபர் மூன்று முறை சொல்லி அனுப்பினார். 1980களின் முற்பகுதியிலே வன்னியிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த பலருக்கும் இப்படியொரு மேடை நினைவிலிருக்கும்.

வன்னிக்குப் புகையிரதம் வந்த வரலாறு சுவையானது. பாதை தெற்கிலிருந்து வடக்கே மெல்ல மெல்ல ஊர்ந்து வந்து சேர்ந்ததென்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அது இருபுறமிருந்தும் வந்தது. காங்கேசன்துறைக்குக் கடல்வழி பொருள்களை இறக்கி, அங்கிருந்து சாவகச்சேரி வரையிலான பகுதியை 1902 மார்ச் 11 இலேயே திறந்துவிட்டனர். குருநாகலுக்கு 1894 இல் வந்து சேர்ந்திருந்த பாதை மறுபுறத்திலிருந்து வடக்கு நோக்கி நீண்டது. இடையிலே எஞ்சிக் கிடந்தது வன்னிக் காடும், மலேரியாக் காய்ச்சலும். 1905 ஓகஸ்ட் 1 இல் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு முதல் வண்டி முழுத்தூரமும் ஓடிற்று. ஆகவே வன்னியின் நிலையங்கள் எல்லாவற்றிற்கும் பிறந்த ஆண்டு ஏறத்தாழ ஒன்றே. பின்னர் 1930களிலே கிளிநொச்சியில் குடியேற்றங்கள் தோன்றின. இரணைமடுவின் நெல்லும், ஆனையிறவு உப்பும், 1950களில் எழுந்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையின் சரக்கும் இந்தப் பாதையைச் சார்ந்தே வளர்ந்தன. 1956 ஏப்ரல் 23 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிற்று.

ஒற்றைப் பாதையிலே நிலையமென்பது வெறுமனே ஏறி இறங்கும் இடமன்று என்பதை இங்கே சற்று விரித்துச் சொல்லவேண்டும். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளில் ஒன்று ஒதுங்கி நிற்பதற்கு நிலையமே இடம். இலங்கையின் ஒற்றைப் பாதைகளிலே நெடுங்காலம் கையாளப்பட்ட முறை வருமாறு: அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைக்கப்பட்ட கருவி ஒவ்வொன்று இருக்கும். அவற்றுள்ளே உலோக வட்டுக்கள் அடுக்கப்பட்டிருக்கும். ஒரு கருவியிலிருந்து ஒரு வட்டை எடுத்துவிட்டால், அவ்வட்டு இவ்விரு கருவிகளில் ஏதேனுமொன்றுக்குள் மீளச் சேரும்வரை மற்றொன்றை எங்கிருந்தும் எடுக்க இயலாது. அவ்வட்டு கையில் இல்லாமல் சாரதி வண்டியை நகர்த்தலாகாது. தோற்பையில் இட்டுப் பெரிய வளையமொன்றிலே மாட்டிய வட்டை, ஓடிவரும் வண்டியிலிருந்து கையை நீட்டி வாங்கிக்கொள்வதைப் பார்ப்பதற்கென்றே நாங்கள் சிறுவயதில் மேடைக்குப் போவதுண்டு. ஒரு நிலைய அதிபர் மணியடித்துக் கேட்க, அடுத்த நிலையத்தார் இசைவு தந்தாலன்றி எதுவும் அசையாது. ஒருவரை ஒருவர் காணாத இருவர், காட்டுக்கு அப்பாலிருந்து ஒருவரை ஒருவர் நம்பி நடத்திய தொழில் அது. பழைய நிலையத்தைப் புதுப்பிக்கவேண்டும் என்று எவரேனும் சொல்லும்போது என் மனக்கண்ணில் வருவது ஓட்டுக்கூரையன்று, அந்தக் கருவியே.

அப்படிச் சொல்லிக்கொண்டு சென்ற ஆண்டு சிலர் என்னிடம் வந்தனர். அறிவியல்நகரிலே படிக்கும் மாணவர்கள்; ஐந்து பெண்பிள்ளைகள், மூன்று பையன்கள். வன்னியின் பழைய நிலையமொன்றின் அத்திவாரமும் கிணறும் புதர்மண்டிக் கிடப்பதை அவர்கள் கண்டிருந்தனர். சிரமதானம் செய்து அவ்விடத்தைத் துப்புரவாக்கி, பழைய நிலையத்தை முன்பிருந்தவாறே கட்டியெழுப்பி, ஊரார் வீடுகளிலே கிடக்கும் புகையிரதப் பொருள்களைச் சேர்த்து அங்கே வைக்கவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அவ்விடத்தின் பெயரை நான் எழுதவில்லை. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

சிரமதானம் என்ற சொல்லை இலங்கையில் வாழ்வோருக்கு விளக்கவேண்டியதில்லை. உழைப்பைத் தானம் செய்தல் என்பது அதன் வடமொழிப் பொருள். தமிழிலே சிரமம் என்றால் கஷ்டம் என்றும் ஆகிவிட்டதால், சிரமத்தைத் தானம் செய்வது என்று பொருள்கொண்டு சிரிப்பவர்களும் உண்டு. கலாநிதி ஏ. ரீ. ஆரியரத்தின 1958 இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி மாணவர்களை அழைத்துக்கொண்டு கனத்தோலுவை என்ற கிராமத்திலே நடத்திய முகாமோடு இச்சொல் நாடெங்கும் பரவிற்று. ஆனால் பொருள் எங்களுக்குப் புதிதன்று. குளத்துக்கட்டு உடைத்தால் வயற்காரர் எல்லாரும் மண்வெட்டியோடு போகவேண்டும் என்பது வன்னியின் பழைய வழக்கு. 1832 இலே பிரித்தானியர் இராசகாரியத்தை ஒழித்தபோது, அந்தக் கட்டாய ஊழியத்தோடு குளங்களைப் பேணும் கூட்டுழைப்பும் சிதைந்துவிட்டது என்று பிற்காலத்து ஆங்கில அதிகாரிகள் பலர் குறைப்பட்டனர். 1856 இல் நீர்ப்பாசனச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து பழைய வழமைகளுக்கு உயிரூட்ட முயன்றனர். கட்டாயத்தை நீக்கிவிட்டு உழைப்பை மாத்திரம் வைத்துக்கொள்ள எல்லா அரசுகளுக்கும் ஆசைதான். போர்க்காலத்து வன்னியிலும் எல்லா உழைப்பும் தானமாக இருந்ததில்லை என்பதை அங்கு வாழ்ந்தவர் அறிவர். ஆகவே யாரும் ஏவாமல் எட்டு இளைஞர் மண்வெட்டியைத் தூக்குகிறார்கள் என்பதே எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

அவர்களிடம் நான் ஒரேயொரு கேள்வி கேட்டேன். முன்பிருந்தவாறே என்கிறீர்களே, எந்த ஆண்டில் இருந்தவாறு?

இக்கேள்வி நானாகக் கண்டுபிடித்ததன்று. 2017 இலே இங்கிலாந்திலிருக்கும் மகளிடம் போயிருந்தபோது, தென்னிங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள புளூபெல் புகையிரதப் பாதைக்கு அவள் என்னை அழைத்துச் சென்றாள். தொண்டர்கள் ஒரு புகையிரதப் பாதையை ஏற்று நடத்துவது என்பது அந்நாட்டிலே 1951 இல் வேல்சிலுள்ள தலிதின் என்ற சிறுபாதையோடு தொடங்கிற்று. உலகில் முதன்முதலாகத் தொண்டர்களாற் பேணப்பட்ட பாதை அதுவே என்பர். புளூபெல் பாதையின் கதை இன்னும் வேடிக்கையானது. 1955 இல் அரசு அதை மூடியபோது, மாட்ஜ் பெஸமர் என்ற பெண்மணி பழைய சட்டமொன்றைத் துருவியெடுத்து, நாளொன்றுக்கு நான்கு வண்டிகள் ஓட்டவேண்டியது கட்டாயம் என்று காட்டினார். அரசு வேண்டா வெறுப்பாக 1956 இல் மீண்டும் ஓட்டிற்று. பின்னர் சட்டத்தை மாற்றிக்கொண்டு 1958 இல் ஒரேயடியாக மூடிற்று. 1960 ஓகஸ்ட் 7 இல் தொண்டர்கள் அதன் ஒரு பகுதியைத் திறந்து தாங்களே ஓட்டத் தொடங்கினர்.

அங்கே நான் கண்டு வியந்தது நீராவி இயந்திரத்தையன்று. ஒவ்வொரு நிலையமும் ஒவ்வொரு காலத்திலே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. செபீல்ட் பார்க் நிலையம் விக்டோரியா மகாராணி காலத்தில் நிற்கிறது. ஹோஸ்டட் கெயின்ஸ் 1930களில் நிற்கிறது. மேடையிலே பழங்காலத் தோற்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கிங்ஸ்கோட் 1950களில் நிற்கிறது. விளம்பரத் தகடுகள், கதவுகளின் நிறம், சிப்பந்திகளின் தொப்பி, எல்லாம் அவ்வக் காலத்துக்கு உரியன. பித்தளைப் பிடியொன்றைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம், ஏன் இந்த ஆண்டைத் தேர்ந்தீர்கள் என்று கேட்டேன். தொண்டர்களுக்குள் மிகக் கடுமையான சண்டைகள் வர்ணப்பூச்சைப் பற்றியே நடந்தன என்று அவர் சிரித்தார். ஆண்டைத் தீர்மானித்தால் நிறம் தீர்ந்தது. நிறம் தீர்ந்தால் சண்டை தீர்ந்தது.

அது கொடுத்துவைத்தவர்களின் சண்டை என்று அப்போதே எனக்குத் தோன்றிற்று. விக்டோரியா காலத்து நிலையத்தைப் பார்த்து எவரும் அழப்போவதில்லை. 1930களின் தோற்பெட்டியைக் கண்டு எவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போவதில்லை. ஆண்டு அங்கே ஒரு நிறம். எங்கள் பக்கத்தில் அப்படியன்று.

ஓமந்தையை எடுத்துக்கொள்வோம். 1905 இன் ஓமந்தை காட்டு நடுவே ஒரு புதுமை. யாழ்தேவியின் காலத்து ஓமந்தை, வண்டி விரைந்து கடக்கும் ஒரு பெயர்ப்பலகை. 1990 ஜூனிலே சேவை நின்றபின் நிலையமென்று சொல்ல அங்கே எதுவுமில்லை, பாதையே இல்லை. 2002 இல் ஏ-9 வீதி திறந்தபோது ஓமந்தை என்பது ஒரு சோதனைச்சாவடியின் பெயராயிற்று. பெட்டிகளைத் திறந்து, பொருள்களைக் கொட்டி, மீண்டும் கட்டிக்கொண்டு அடுத்த வரிசைக்கு ஓடியவர்களுக்கு அச்சொல்லின் பொருள் அதுவே. 2006 ஓகஸ்டிலே வழி அடைபட்டது. 2009 இல் முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து உயிர் தப்பி வந்தோர் ஓமந்தையைக் கடந்தே முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கே பிரிந்தவர்களை இன்றும் தேடுவோர் உளர். 2011 மே மாதத்திலே புகையிரதம் மீண்டும் ஓமந்தை வரை வந்தது. இரண்டாண்டுக்கு மேலாக அதுவே பாதையின் முடிவிடமாயிருந்தது. இவற்றுள் எந்த ஓமந்தையை மீட்பது? எதைத் தேர்ந்தாலும் மற்றவற்றுக்கு உரியவர்கள் மேடைக்கு வெளியே நிற்பார்கள்.

முறிகண்டியிலோ இன்னும் கடினம். 1985 ஜனவரி 19 இல் யாழ்தேவி அங்கே குண்டுத் தாக்குதலுக்கு இலக்காயிற்று. படையினர் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், பொதுமக்களும் மாண்டனர். பிள்ளையார் கோவிலுக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டு வழிநடக்கும் இடமென்றே முறிகண்டியை அறிந்த இளந்தலைமுறைக்கு இதைச் சொன்னாற் புதுமையாக இருக்கிறது. தெற்கிலே ஏதோவொரு வீட்டில் முறிகண்டி என்ற சொல்லுக்கு வேறு பொருளிருக்கும்.

போர் முடிந்த பின் ஆண்டைத் தேர்ந்து நிறுத்திவைக்கும் வேலை எங்கள் பகுதியிலும் நடந்ததுண்டு. கிளிநொச்சியிலே சரிந்து விழுந்த பெரிய நீர்த்தாங்கியைப் பல ஆண்டுகள் காட்சிப்பொருளாக வைத்திருந்தனர். வருவோருக்கு நினைவுப்பொருள் விற்கும் கடையும் அருகிலிருந்தது. ஆனையிறவிலே 1991 ஆம் ஆண்டுச் சமரிற் பயன்பட்ட கவசமிட்ட புல்டோசர் வீதியோரம் நினைவுச்சின்னமாக நிற்கிறது. அவற்றைத் தேர்ந்தவர் ஊரார் அல்லர். வெற்றிபெற்றவரின் நாட்காட்டியிலே சில ஆண்டுகள் மாத்திரமே சிவப்பு மையினால் அச்சாகின்றன. இதைக் கண்டு பழகிய மக்களுக்குப் பழமையைப் பேணுதல் என்ற சொற்றொடரே சற்று அச்சந்தருவதாயிருப்பதில் வியப்பில்லை.

புதிய நிலையங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 2009 இலே அரசு உத்துரு மித்துரு என்ற பெயரில் வடபாதையை மீளமைக்க நன்கொடை திரட்டிற்று. எனினும் பாதை எழுந்தது பெரும்பாலும் இந்தியக் கடனாலும், இர்கோன் என்ற இந்திய நிறுவனத்தின் ஒப்பந்த வேலையாலுமே. கண்ணிவெடி அகற்றியபின் பழைய தடத்தின் வழியே புதிய தண்டவாளம் இட்டனர். 2013 செப்டெம்பர் 14 இல் கிளிநொச்சிக்கும், அடுத்த ஆண்டு மார்ச்சிலே பளைக்கும், 2014 ஒக்டோபர் 13 இல் யாழ்ப்பாணத்துக்கும் வண்டி வந்தது. இந்நிலையங்களை நான் குறைகூற மாட்டேன். துப்புரவானவை, மழைக்கு ஒதுங்கலாம், மலசலகூடம் உண்டு. அறிவியல்நகரில் மாணவர்களுக்கென்று ஒரு தரிப்பிடமே கிடைத்திருக்கிறது. 1905 இன் பொறியியலாளர் எவரும் கனவு காணாதது. ஆனால் அவை எந்த ஆண்டையும் சேராதவை. எந்தச் சுவரிலும் ஒரு தழும்பில்லை. கொன்கிறீட் சிலிப்பர்களின்மேல் வண்டி அதிராமல் ஓடுகிறது. சன்னலோரம் இருப்பவருக்கு இங்கே ஏதோ நடந்தது என்று சொல்வதற்கு ஒரு கல்லுமில்லை.

இதிலொரு தற்செயல் என்னை நெடுநாள் சிந்திக்கவைத்தது. கிளிநொச்சிக்கு வண்டி வந்த அதே 2013 இன் மார்ச் மாதத்திலே புளூபெல் தொண்டர்கள் தங்கள் பாதையைக் கிழக்கு கிரின்ஸ்டெட் நகரம் வரை நீட்டினர். இடையிலே இருந்த ஆழமான வெட்டுப்பள்ளம் ஒன்றைப் பாதை மூடப்பட்ட காலத்தில் நகரத்துக் குப்பையால் நிரப்பியிருந்தனர். பணம் சேர்த்துச் சேர்த்து, அக்குப்பையைத் தோண்டிப் புகையிரதத்திலேயே ஏற்றி அகற்றினர், ஆண்டுக்கணக்காயிற்று. பாதைக்கு மேலே அங்கே கிடந்தது குப்பை. இங்கே கிடந்தவற்றைத் தொண்டர்கள் கையால் தொட இயலாது.

இந்தியாவிலும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. சென்னை இராயபுரம் நிலையத்திலிருந்து 1856 ஜூலை 1 இல் தென்னிந்தியாவின் முதலாவது புகைவண்டி வாலாஜா நோக்கிப் புறப்பட்டது. துணைக்கண்டத்தில் இன்று எஞ்சி நிற்கும் மிகப் பழைய நிலையக் கட்டடம் அதுவே என்பர். நெடுங்காலம் பாழடைந்து கிடந்ததை 2005 இலே புதுப்பித்தனர். தூண்கள் நின்றன, ஆகவே புதுப்பித்தனர். தூணே இல்லாதவிடத்தில் என்செய்வது?

என் கேள்வியை மாணவர்கள் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1956 என்றான் ஒருவன், யாழ்தேவிக்காக. 1989 என்றாள் ஒருத்தி; அழிவதற்குச் சற்று முன்பிருந்த நிலையே ஊரார் நினைவில் உள்ளது, ஆகவே அதைத்தான் சரியாகக் கட்டலாம் என்பது அவள் வாதம். நல்ல வாதம். மற்றொருத்தி, முல்லைத்தீவுப் பக்கத்தவள், நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, “சேர், எங்கட அம்மா கோச்சியைக் கண்டது 2013 இலைதான். அவவுக்கு எந்த ஆண்டு?” என்று கேட்டாள். என்னிடம் விடையில்லை. ஊராரையே கேட்டுப் பார்ப்போம் என்று முடிவாயிற்று. ஒரு பயிற்சிப் புத்தகத்திலே கோடிட்டு, பொருள், இருக்குமிடம், உரியவர், ஆண்டு என்று நான்கு நிரல் போட்டுக்கொண்டு மூன்று சனிக்கிழமைகள் வீடுவீடாகப் போனோம்.

நிலையம் எங்கே போயிற்று என்பதை அப்போதுதான் கண்டேன். அது ஊருக்குள்ளே போயிருந்தது. போர்க்காலத்தில் இரு தரப்பினரும் தண்டவாளங்களையும் சிலிப்பர்க் கட்டைகளையும் பெயர்த்துப் பதுங்குகுழிகளுக்குக் கொண்டுபோனார்கள் என்பது எல்லாரும் அறிந்தது. மக்களும் தம் வீட்டுப் பங்கருக்கு எடுத்தார்கள். ஷெல் விழும்போது பனங்குற்றியைவிடத் தண்டவாளம் தாங்கும். இடம்பெயர்ந்து, திரும்பி, மீண்டும் இடம்பெயர்ந்து, மீண்டும் திரும்பி வந்தவர்கள் அதே பங்கர்களைத் தோண்டி எடுத்தவற்றை வீட்டுக்கு ஆக்கிக்கொண்டார்கள். தண்டவாளத் துண்டு படலைக்குக் கம்பமாயிற்று. வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாயிற்று. மாட்டுத் தொட்டிலுக்குக் கீழே முண்டாயிற்று. பாலைமரத்துச் சிலிப்பர்க் கட்டை கறையானுக்கு அஞ்சாதது; அது குசினி வாசலிலே படியாகக் கிடந்தது. ஓரிடத்திலே இரும்புக் கால்களையுடைய நிலையத்து வாங்கு, கால் ஒன்று மாற்றப்பட்டு, முன்விறாந்தையில் இருந்தது. அதிலே படுத்திருந்த கிழவர் எழுந்து எங்களுக்கு இடம் விட்டார்.

இவற்றைச் சேர்த்து ஓரிடத்தில் வைப்பதுதான் மாணவர்களின் முதலெண்ணம். ஆனால் இரண்டாம் சனிக்கிழமையே ஒரு சங்கடம் வந்தது. ஒரு வீட்டுக்காரர் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, “எழுதிக்கொண்டு போய்ப் பொலிசிலை குடுப்பியளோ தம்பியவை?” என்று கேட்டார். அவர் அஞ்சியதில் நியாயமுண்டு. தண்டவாளம் அரசுடைமை, முப்பதாண்டுக்கு முன் எடுத்ததாயினும் களவு களவே என்று சட்டம் பேசலாம். அன்று பதுங்குகுழிக்குள் அவரையும் பிள்ளைகளையும் காத்த இரும்பு, இன்று புத்தகமொன்றில் ஏறினால் அவருக்கு எதிரான சாட்சியம். வரலாற்றுப் பேணல் என்று நாங்கள் நினைத்துக்கொண்டு செய்த காரியம், அவர் வாசலிலே நின்று பார்த்தால் சோதனைச்சாவடியில் வைத்திருக்கும் பதிவேட்டைப் போலத்தான் இருந்திருக்கும். அன்றிரவே மாணவர்கள் கூடிப் பேசினார்கள். உரியவர் என்ற நிரலை வெட்டி எறிந்துவிட்டு, அந்த மூன்றாம் நிரலை எல்லாப் பக்கங்களிலிருந்தும் கத்தரிக்கோலால் நறுக்கினார்கள். இருக்குமிடமும் ஊர்ப்பெயரில்லாமல் வாசல், விறாந்தை, வாய்க்கால் என்று மாத்திரமே எழுதுவதென்று முடிவாயிற்று. நானும் இக்கட்டுரையில் ஊர்ப்பெயரைத் தவிர்த்தது அதனாலேயே. நறுக்கிய தாள்களை என் வீட்டு அடுப்பிலே போட்டோம்.

எதையும் எவரிடமிருந்தும் வாங்குவதில்லை என்றும் முடிவு செய்தார்கள். இதிலே அவர்களுக்குள் ஒத்த கருத்து இருக்கவில்லை. பொருளில்லாமல் நிலையமா, நிலையமில்லாமல் மரபா என்று 1956 ஆம் ஆண்டுக்காரன் கோபித்துக்கொண்டு ஒருவாரம் வரவில்லை. அவன் பக்கமும் நியாயமில்லாமலில்லை. துரு பொறுத்திருக்காது, வாங்கின் மற்றைய கால்களும் ஒருநாள் மாற்றப்படும். ஆயினும் குசினிப் படியைப் பெயர்த்துக்கொண்டு போய்க் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதை என் மனம் ஏற்கவில்லை. புளூபெல் தொண்டர்கள் எவருடைய குசினியிலிருந்தும் நிலையத்தைப் பெயர்த்தவர்களல்லர்.

நான்காம் நிரலாகிய ஆண்டுதான் புத்தகத்தில் மிகவும் அழுக்காயிற்று. அவ்வளவு அடித்தல் திருத்தல். வாங்கு கிடைத்தது 1996 இல், கிளிநொச்சி இராணுவத்தின் கைக்குப் போனபோது என்றார் கிழவர். அவர் மனைவி 1998 இல், மீள வந்தபோது என்றார். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை, இரண்டையும் எழுதினோம். ஓர் ஆச்சியிடம் பொருள் எதுவுமில்லை, ஒரு டிக்கற் மாத்திரம் இருந்தது. பழைய தடித்த மட்டை டிக்கற். எழுத்து மங்கி, எங்கிருந்து எங்கே என்பது தெரியவில்லை. 1990 ஆனியிலே மகனைக் கொழும்புக்கு ஏற்றிவிடப் போனவர், மேடைக்குள் நிற்பதற்கு வாங்கிய டிக்கற் என்றார். “அவன் போன கோச்சி பிறகு வரேல்லை” என்றார். மகன் இப்போது கனடாவில் இருக்கிறான். கிழமைக்கு ஒருக்கால் பேசுவான். புதுக் கோச்சி வந்ததே ஆச்சி, என்றாள் முல்லைத்தீவுப் பிள்ளை. “அது வேறை கோச்சி பிள்ளை” என்றார் ஆச்சி. டிக்கற்றைக் கையில் வைத்துப் பார்க்கத் தந்தார். படமெடுக்க வேண்டாம் என்றார். மாணவி அதன் அளவை ஒரு சணல்நூலால் அளந்து எழுதிக்கொண்டாள்.

அத்திவாரத்தைத் துப்புரவாக்கும் வேலை நடந்தது. கிணற்றைச் சுற்றிப் பற்றை வெட்டி, விழாமலிருக்கத் தடியால் வேலி கட்டினார்கள். கட்டடம் எழுப்பவில்லை, காணி எவருடையது என்பது தீராமல் எழுப்பவும் முடியாது. நடுவிலே ஒரு கூரை மாத்திரம் போட்டு, அதன்கீழே இருந்து வட்டுக் கருவியின் மாதிரியொன்றை மரத்தாற் செய்து இரு முனையிலும் வைக்கலாமா என்று பொறியியல் படிக்கும் ஒருத்தி கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒன்றை அந்த அத்திவாரத்திலும், மற்றதை அடுத்த நிலையத்து ஊரின் வாசிகசாலையிலும் வைத்து, இரண்டையும் கம்பியால் இணைத்து, ஒரு பிள்ளை இங்கே மணியடித்தால் அங்கேயுள்ள பிள்ளை வட்டை விடுவிப்பது என்பது அவள் திட்டம். பணம் எவ்வளவு முடியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனம் தளர்ந்துவிடுவாள்.

பயிற்சிப் புத்தகம் நிரம்பி இரண்டாவது தொடங்கியிருக்கிறது. முதலாவதன் கடைசிப் பக்கத்திலே, ஊருக்கு ஒதுக்குப்புறமான ஒரு பாடசாலையைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அங்கே வேப்பமரக் கிளையிலே கம்பியில் தொங்கும் தண்டவாளத் துண்டுதான் மணி. அடிப்பதற்கு ஒரு பெரிய ஆணி. இடைவேளைக்கு அது ஒலிக்கும்போது நாங்கள் வாயிலில் நின்றோம். அதிபர் எங்கள் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, எப்போது தொங்கவிட்டது என்று தமக்குத் தெரியாது, தாம் மாறி வந்தபோது அது இருந்தது என்றார். பொருள்: தண்டவாளம், ஏறத்தாழ இரண்டு முழம். இடம்: மரக்கிளை. ஆண்டு என்ற நிரலிலே ஒரு கோடு போட்டிருக்கிறது. 1956 ஆம் ஆண்டுக்காரனின் கையெழுத்து.